யாரும் பார்க்காத மலையில்

அமெரிக்காவின் மேற்கே ராக்கி மலைத்தொடரில் எல்க் எனப்படும் பெரிய மான் வாழ்கிறது. அகராதிகள் அதைக் 'கடமான்' என்று தமிழாக்குவதுண்டு. நம் காடுகளில் உலவும் கடமான் வேறு. எல்க் அதற்கு உறவு, பொதுவாக அதனினும் பெரியது. வளர்ந்த ஆண் மான் முந்நூறு கிலோ எடையைத் தாண்டும். ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்துப் புதிய கொம்பை வளர்த்துக்கொள்ளும். செப்டம்பர் மாதம், இணைசேரும் பருவத்தில், அது எழுப்பும் குரல் தாழ்ந்த ஒலியில் தொடங்கிக் குழலோசைபோல் உயர்ந்து பள்ளத்தாக்குகளில் எதிரொலிக்கும். அந்தக் குரலைக் கேட்டு மகிழ்வதற்காகவே மலையேறுபவர்கள் உண்டு. அதே குரலைக் கொண்டு அதன் இருப்பிடத்தை அறிந்து அதைக் கொல்வதற்காக மலையேறுபவர்களும் உண்டு.

இந்த இரண்டாம் வகையினருக்கு வேட்டை செப்டம்பரில் தொடங்குவதில்லை, குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. எல்க் மான்கள் மிகுதியாக வாழும் கொலராடோ மாநிலம் பல வேட்டைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் எண் தரப்பட்டிருக்கிறது. எந்தப் பகுதி, எந்த நாட்கள், ஆண் மானா பெண் மானா, வில்லா துப்பாக்கியா என்பதையெல்லாம் முடிவு செய்து ஏப்ரல் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குலுக்கலில் பெயர் வராதவருக்கு ஒரு முன்னுரிமைப் புள்ளி கிடைக்கும். சில பகுதிகளுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேலும் பொறுமையுடன் புள்ளி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 1949-ஆம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் பொதுவாக வேட்டைக் கல்வி பயின்று சான்றிதழ் பெற்றிருந்தால்தான் அனுமதிச் சீட்டே வாங்க முடியும்.

சீட்டு கிடைத்த பிறகு உடலைப் பழக்க வேண்டும். எல்க் மான்கள் கோடையின் முடிவில் மூவாயிரம் மீட்டர் உயரத்தையும் தாண்டி மேய்கின்றன. காற்று மெலிந்த அந்த உயரத்தில் சமவெளி மனிதனுக்கு நூறு அடி ஏறினாலே மூச்சு வாங்கும். எனவே முதுகில் சுமையுடன் மாதக்கணக்கில் நடந்து பழகுகிறார்கள். வரைபடத்தை விரித்து நீரூற்று எங்கே, புல்வெளி எங்கே, பகலில் மான் படுத்துறங்கும் நிழல் அடர்ந்த வடசரிவு எங்கே என்று குறித்துக்கொள்கிறார்கள். காற்றின் போக்கைக் கற்கிறார்கள்: குளிர்ந்த விடியலில் மலைக்காற்று கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். இதை அறியாதவனின் வாடை அவனுக்கு முன்பே மானைச் சென்றடைந்துவிடும். வைகறைக்கு முன் எழுதல், பேச்சைக் குறைத்தல், அசையாது அமர்ந்திருத்தல், குளிரையும் பசியையும் பொறுத்தல் என இவற்றைக் கேட்கும்போது ஏதோ ஒரு குருகுலத்தின் நியமங்களைப் படிப்பதுபோல் தோன்றும்.

இவ்வளவுக்கும் பிறகு ஐந்து பேர் சென்றால் நால்வர் வெறுங்கையுடன்தான் திரும்புகிறார்கள்.

இத்தனை ஒழுங்கும் பொறுமையும் கற்றறிவும், ஓர் உயிரின் மரணத்தில் சென்று முடியும் செயலுக்கு ஏதேனும் தூய்மையை அளிக்கின்றனவா? கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட ஒரு மரபில் வளர்ந்தவர், 'இதில் ஆராய என்ன இருக்கிறது? கொலை கொலைதான்' என்று ஒரே வரியில் கடந்துவிடலாம். அந்த வரி பொய்யன்று. ஆனால் ஒரே வரியில் முடிந்துபோகும் அறம் பெரும்பாலும் பிறருக்குச் சொல்லும் அறமாகவே நின்றுவிடுகிறது.

ஒழுக்கக் கட்டுப்பாடு தன்னளவில் புனிதமானது என்ற எண்ணத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். இராவணனின் தவம் எவருடைய தவத்துக்கும் குறைந்ததன்று. ஒருமுகப்பட்ட மனம் என்பது கூர்தீட்டிய கத்தி. மருத்துவர் கையிலும் இருக்கும், கள்வர் கையிலும் இருக்கும். மலைமீது அசையாது அமர்ந்திருக்கும் வேட்டைக்காரரின் மௌனத்தைத் தியானம் என்று வருணிக்கும் நூல்கள் மேலைநாடுகளில் ஏராளம். அந்த மௌனம் எதன்பொருட்டு என்று கேட்காதவரை அந்த வருணனை அழகானது, அவ்வளவே.

ஸ்பானியத் தத்துவ அறிஞர் ஓர்ட்டேகா இ காசெட், நண்பர் ஒருவரின் வேட்டை நூலுக்கு 1942-இல் எழுதிய நீண்ட முன்னுரை இத்துறையில் இன்றும் பேசப்படுவது. வேட்டையில் மரணம் குறிக்கோள் அன்று, வேட்டை மெய்யாக நடந்தது என்பதற்கு அது ஒரு முத்திரை என்பது அவர் வாதத்தின் சாரம். துப்பாக்கிக்குப் பதில் புகைப்படக் கருவியை ஏந்திச் செல்வதை அவர் வேட்டையாகவே ஏற்கவில்லை. வாதம் நுட்பமானது. ஆனால் அந்த நுட்பத்திலேயே அதன் குறையும் இருக்கிறது. பசிக்காகக் கொல்பவன் ஓர் உயிரை வாங்கி ஓர் உயிரைக் காக்கிறான். அதில் ஒரு பரிமாற்றமேனும் உண்டு. தன் அனுபவம் முழுமை பெறுவதற்கு முத்திரையாக ஓர் உயிரைக் கேட்பவன், இன்னொன்றின் முழு வாழ்வையும் தன் வாழ்வின் ஒரு பிற்பகலுக்கு அலங்காரமாக்குகிறான். முத்திரை குத்தப்படும் தாளுக்கு வலிப்பதில்லை, மானுக்கு வலிக்கிறது. விலங்குகளால் சிந்திக்க முடியுமா, பேச முடியுமா என்பதைவிட அவற்றால் துன்புற முடியுமா என்பதே கேட்கத்தக்கது என்று பெந்தம் 1789-இல் எழுப்பிய கேள்விக்கு அந்த முன்னுரையில் நேரான விடை இல்லை.

சொற்களையும் இங்கே கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் வேட்டை விலங்கைக் குறிக்கும் 'கேம்' என்ற சொல்லே விளையாட்டையும் குறிக்கிறது. அம்மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில் கொல்லப்பட்ட மான்களின் எண்ணிக்கை 'ஹார்வெஸ்ட்', அதாவது அறுவடை என்ற தலைப்பின்கீழ் வருகிறது. நெல்லுக்கும் மானுக்கும் ஒரே சொல். மொழிபெயர்ப்பவர் அந்தச் சொல்லை அப்படியே தமிழாக்கினால் பிழை எதுவும் இல்லை; ஆனால் தமிழில் படிக்கும் எவரும் ஒரு கணம் திடுக்கிடுவார். தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றுக்கு மனம் வேறு பெயர் தேடத் தொடங்கினால், அதற்குள் எங்கோ ஓர் உறுத்தல் இருக்கிறது என்று பொருள். நேர்மையான வேட்டைக்காரர்கள் இதை ஒப்புக்கொண்டு 'கொன்றேன்' என்றே எழுதுகிறார்கள்.

எதிர்த்தரப்பிலும் உண்மை இருக்கிறது. அதை மறைப்பது வாய்மைக்கு அழகன்று. ஐரோப்பாவில் காடும் காட்டு விலங்கும் மன்னருக்கும் பிரபுக்களுக்கும் உரியவையாக இருந்தன. ஏழை ஒரு மானைக் கொன்றால் கடுந்தண்டனை. அமெரிக்கக் குடியரசு அதை மாற்றிக் காட்டு விலங்கு எவருடைய தனிச்சொத்தும் அன்று, மக்கள் அனைவருக்காகவும் அரசு அதைக் காத்து நிற்கிறது என்ற கொள்கையை வளர்த்துக்கொண்டது. ஆயினும் அனைவருக்கும் பொதுவானது என்றவுடன் அனைவரும் அள்ளிக்கொண்டார்கள். ஒரு கோடி இருந்திருக்கலாம் என்று கணிக்கப்படும் எல்க் மான்கள், இறைச்சிக்கும் தோலுக்கும் பல்லுக்குமாகச் சந்தைப்பொருளாகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கின. மாநிலச் சட்டங்களை மீறிக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு சென்று விற்பதை 1900-ஆம் ஆண்டின் லேசி சட்டம் தடுத்தது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்பட்ட வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கென்றே ஒதுக்கியது. இன்று அக்கண்டத்தில் எல்க் மான்கள் ஏறத்தாழ பத்து லட்சம். தோட்டா வாங்கியவர்களின் பணம் மான்களை மீட்டிருக்கிறது. வேட்டையை 1972-ஆம் ஆண்டின் சட்டத்தாலும் அதன் பின்வந்த திருத்தங்களாலும் ஏறக்குறைய முழுமையாகத் தடைசெய்துவிட்ட பாரதத்தில் இருந்து பார்ப்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை.

இந்த உண்மை எவ்வளவு தூரம் செல்லும்? காத்தவர் என்பதால் கொல்லும் உரிமை வந்துவிடுமா? பிள்ளையை வளர்த்த தந்தைக்கும் அத்தகைய உரிமை இல்லை. 'ஓநாய்கள் இல்லாததால் மான்கள் பெருகி இளமரங்களை மேய்ந்து காட்டை அழித்துவிடும். எண்ணிக்கையை யாரேனும் குறைத்தே ஆகவேண்டும்' என்ற வாதம் இதனினும் வலிமையானது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1960-களில் வேட்டைக்காரர்களுக்கு இடமின்றி, காவலர்களே ஆயிரக்கணக்கான எல்க் மான்களைச் சுட்டார்கள். ஆனால் ஓநாய்கள் ஏன் இல்லாமற்போயின? மனிதன்தான் நஞ்சிட்டும் சுட்டும் அவற்றை ஒழித்தான். முன்னோர் செய்த வினை பின்னோருக்குக் கடமை வடிவில் வந்து நிற்கிறது. யெல்லோஸ்டோனில் 1995-இலும், மக்கள் 2020-இல் வாக்களித்ததன்பேரில் கொலராடோவில் 2023 டிசம்பரிலும் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டன. அப்போது எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களில் கால்நடை வளர்ப்போருடன் வேட்டைக்காரர்கள் சிலரும் இருந்தார்கள், மான்கள் குறைந்துவிடுமாம்! எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கமாயின், அவ்வேலையைச் செய்ய வேறொருவர் வரும்போது மகிழ்ச்சியன்றோ பிறக்க வேண்டும்?

ஆல்டோ லியோபோல்ட் என்ற வனவியல் அறிஞர் வாழ்வில் இக்கேள்வி வேறு வடிவில் வந்தது. இளம் வயதில் தென்மேற்கு அமெரிக்காவில் பணியாற்றியபோது, ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்று நம்பி, கண்ணில் பட்ட ஒரு தாய் ஓநாயை உடனிருந்தவர்களோடு சேர்ந்து சுட்டார். அருகில் சென்றபோது அதன் கண்களில் ஏதோ ஒரு பசிய ஒளி அணைவதைக் கண்டார். அந்த ஒளி தன்னை மாற்றியதைப் பல்லாண்டுகளுக்குப் பின் எழுதினார். அது இடம்பெற்ற நூல் அவர் மறைவுக்கு அடுத்த ஆண்டு, 1949-இல் வெளிவந்தது. குறிப்பிடத்தக்கது என்னவென்றால், அவர் அதன்பின்னும் வேட்டையைக் கைவிடவில்லை. டால்ஸ்டாய் கைவிட்டார், தம் இளமையில் பெருவிருப்பத்துடன் ஆடிய வேட்டையையும் புலாலையும் பின்னாளில் துறந்து, 1892-இல் அதைப்பற்றி எழுதவும் செய்தார். இருவருமே மனச்சான்றுள்ளவர்கள், இருவருமே ஓர் உயிர் பிரிவதை அருகிலிருந்து கண்டவர்கள். ஒருவர் வழியையே மற்றவரும் பின்பற்றியிருக்க வேண்டும் என்று விதிக்க எவரால் இயலும்?

லியோபோல்ட் கூறிய ஒரு கருத்து இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. விளையாட்டு வீரனுக்கு எதிரே கைதட்டவும் கண்டிக்கவும் கூட்டம் இருக்கிறது. வேட்டைக்காரனுக்குப் பார்வையாளர் இல்லை, அவன் நடத்தைக்கு அவனே சாட்சி என்பது அதன் பொருள். அமெரிக்காவில் நடுவண் அரசுக்கு உரிய பொதுநிலம் 64 கோடி ஏக்கர். நாட்டின் பரப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். அதில் 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வனாந்தரமாக ஒதுக்கப்பட்ட பகுதிகளில் மோட்டார் வண்டி நுழையக்கூடாது. அங்கே ஒருவர் நாள் முழுதும் நடந்தாலும் மற்றொரு மனித முகத்தைக் காணாமல் இருக்க முடியும். ஒரு வனக்காவலர் வந்து பார்ப்பார் என்று அஞ்சத் தேவையில்லாத அளவுக்கு அது விரிந்தது.

அந்நிலத்தில் தமக்குள்ள உரிமையைப் பொறுத்தவரை அவர்கள் மிகவும் விழிப்பானவர்கள். வயோமிங் மாநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்பாதைக்காக நிலம் சதுரங்கக் கட்டம்போல் பங்கிடப்பட்டது. ஒரு கட்டம் தனியாருக்கு, அடுத்தது அரசுக்கு. இரண்டு அரசுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். 2021-இல் எல்க் வேட்டைக்கு வந்த நால்வர், தனியார் மண்ணில் கால் படாதபடி அந்த மூலையில் ஓர் ஏணியை வைத்து ஏறி இறங்கினார்கள். காற்றுவெளியை மீறினார்கள் என்று வழக்கு! நடுவர் குழு 2022-இல் அவர்களைக் குற்றமற்றவர்கள் என விடுவித்தது. நில உரிமையாளர் தொடுத்த உரிமையியல் வழக்கில் 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஒரு மூலையைக் கடக்கும் உரிமைக்காக நான்காண்டுகள்! அந்த நால்வர் தேடி வந்த மான்களோ இதற்கிடையில் எத்தனை வேலிகளைத் தாண்டினவோ, அவற்றுக்கு ஏணியும் வேண்டியிருக்கவில்லை, வழக்குரைஞரும் வேண்டியிருக்கவில்லை.

நியாயமான வேட்டை என்று ஒரு கொள்கை அங்கே உண்டு. தப்பிச்செல்ல வாய்ப்பில்லாத விலங்கைக் கொல்லக்கூடாது என்பது அதன் மையம். தியோடர் ரூஸ்வெல்ட் 1902-இல் மிசிசிப்பியில் வேட்டைக்குச் சென்றபோது, உடன் வந்தவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்துவிட்டு அவரை அழைத்தார்கள். கட்டுண்ட விலங்கைச் சுட அவர் மறுத்தார். அந்நிகழ்ச்சியிலிருந்துதான் குழந்தைகள் அணைத்துத் தூங்கும் 'டெடி' கரடிப்பொம்மை பிறந்தது. கதையின் இறுதிப் பகுதியைப் பலரும் சொல்வதில்லை. காயமுற்றுத் துன்புற்ற அந்தக் கரடியைக் கத்தியால் முடித்துவிடும்படி அவரே பணித்தார். மறுத்ததால் அவருடைய மாண்பு காப்பாற்றப்பட்டது, கரடி காப்பாற்றப்படவில்லை. நியாயமான வேட்டை என்பது வேட்டைக்காரரின் உள்ளத்தைக் காக்கும் விதி. அது சிறிய செய்தி அன்று. விலங்குகளிடம் கொடுமை பழகியவன் மனிதரிடமும் கொடுமை செய்வான் என்று கான்ட் அஞ்சியதும் இதனால்தான். ஆனால் அதை விலங்குக்குச் செய்த உபகாரம் என்று எண்ணிவிடலாகாது.

இவ்வளவும் படித்துவிட்டுச் சைவ உணவினர் ஒருவர் நிம்மதியுடன் எழுந்துவிடலாம் என்றால் மகாபாரதத்தின் வனபர்வம் அவரைச் சற்று உட்காரச் சொல்கிறது. மிதிலையில் இறைச்சி விற்ற தர்மவியாதனிடம், தவத்தால் பறவையை எரித்த கௌசிகன் என்னும் அந்தணன் அறம் கேட்க வந்து நின்றான். தான் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்கிறேன், உண்பதுமில்லை என்று கூறிய தர்மவியாதன், அதோடு நிறுத்தாமல், ஏர் உழும்போதும் நடக்கும்போதும் எத்தனை உயிர்கள் மடிகின்றன என்று எடுத்துக்காட்டினான். முற்றிலும் ஹிம்சையற்றவர் எவரும் இல்லை. முயற்சியால் குறைத்துக்கொள்பவர்களே உண்டு என்பது அவன் கருத்து. வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் விற்பவனோடு வாங்குபவனையும் சேர்த்தே பார்க்கிறார். கடையில் பொட்டலமாக வாங்குபவர் காணாத ஒன்றை, மலையேறி வேட்டையாடுபவர் கண்ணெதிரே காண்கிறார். தன் உணவின் விலை என்ன என்று அறிந்தவர் அவர் ஒருவரே என்று சொன்னாலும் மிகையில்லை. அறிதல் என்பது மன்னிப்பு அன்று. ஆனால் அறியாமையும் அகிம்சை அன்று.

வேட்டைக்குத் திட்டமிடுதல் என்னும் செயலுக்குள் நல்ல வேட்டைக்காரர்கள் எதையெல்லாம் சேர்க்கிறார்கள் என்று பார்த்தால், அங்கே வேறொன்று தெரிகிறது. எத்தனை மீட்டருக்கு அப்பால் நின்றால் சுடுவதில்லை என்பதை அவர்கள் வீட்டிலேயே முடிவு செய்கிறார்கள். தவறான இடத்தில் பாய்ந்த அம்பு மானை உடனே கொல்லாது. பள்ளத்தாக்கில் எங்கோ நாட்கணக்கில் துடிக்க வைக்கும். காயம்பட்ட மானைத் தேடாமல் திரும்புவதில்லை, கிடைக்காவிட்டாலும் அதையே தன் கணக்கில் வைத்து அந்த ஆண்டு வேட்டையை முடித்துக்கொள்வது என்று உறுதி பூணுபவர்களும் இருக்கிறார்கள். இதைச் சட்டம் கேட்பதில்லை.

சுமையின் கணக்கையும் அவர்கள் முன்பே போடுகிறார்கள். பெரிய ஆண் மான் ஒன்றிலிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி ஏறத்தாழ நூறு கிலோ தேறும். மலைச்சரிவில் ஒருவர் சுமக்கக்கூடியது முப்பது கிலோ அளவில். மான் விழுந்த இடம் பாதையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், நான்கு நடையும் சேர்த்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். செப்டம்பர் வெயிலில் இறைச்சி அதுவரை தாங்காது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் அழுகவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துவருவது கொலராடோவில் கடுமையான குற்றம். எனவே வரைபடத்தில் சில பள்ளங்களை அவர்கள் குறுக்கே கோடிட்டு அடித்துவிடுகிறார்கள்: அங்கே எப்பேர்ப்பட்ட மான் நின்றாலும் இல்லை.

ஆசை எழுந்தபின் எடுக்கும் முடிவு ஆசையின் முடிவாகவே இருக்கும். இருபது ஆண்டு காத்துச் சீட்டுப் பெற்றவர், எட்டு நாள் வெறுங்கையுடன் அலைந்தவர், ஒன்பதாம் நாள் மாலையில் கொம்புகள் விரித்து நிற்கும் மானைக் காணும்போது, அவர் இதயம் அடிக்கும் அடியில் விவேகத்தின் குரல் கேட்காது. அந்த நடுக்கத்துக்கு அவர்களிடம் ஒரு பெயரே உண்டு. அதைக் காய்ச்சல் என்கிறார்கள். காய்ச்சல் கண்டவனிடம் அறம் கேட்பது வீண். பிப்ரவரி மாதத்து இரவில், அமைதியான அறையில், விளக்கடியில் வரைபடத்தின்மீது பென்சிலால் கோடிட்ட மனிதர்தான் உண்மையில் முடிவெடுக்க வல்லவர். மலைமீது நிற்பவர் அந்த மனிதருக்குக் கட்டுப்படுவாரா என்பதுதான் மீதி.

கொலராடோவில் சூரியன் மறைந்து அரைமணி நேரம் வரை சுடலாம், அதன்பின் கூடாது. புல்வெளியின் விளிம்பில் மரங்கள் கறுத்துவிட்டன. மான் நிழலிலிருந்து வெளியே வந்து தலையைத் தாழ்த்திப் புல் மேய்கிறது. காற்று சாதகமாக இருக்கிறது. வாடை அதற்கு எட்டாது. தொலைவும் வரம்புக்குள்தான். கைக்கடிகாரம் மட்டும் இரண்டு நிமிடம் கடந்துவிட்டது என்று காட்டுகிறது. பத்துக் கிலோமீட்டருக்குள் மனிதர் எவரும் இல்லை. இரண்டு நிமிட வேறுபாட்டை எந்த நீதிமன்றமும் ஒருபோதும் அறியப்போவதில்லை. கண்ணுக்குக் குறி இன்னும் தெரிகிறது.

அவர் துப்பாக்கியைத் தாழ்த்துகிறார். மான் அவர் அங்கிருப்பதை அறியவே இல்லை. இருள் முழுதும் சூழ்ந்து அதன் உருவம் மறைந்த பின்னும், புல்லைக் கடித்திழுக்கும் ஓசை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருக்கிறது.